பால் ஊற்றும் நேரத்துப் பாட்டு

பிலவேந்திரன் எனக்கு இரண்டு வழியில் அத்தான். எங்கள் மதலேனாள் அத்தைக்கு மூத்த மகன் என்பது ஒரு வழி. என் பெரியப்பா மகள் அமுதா அக்காளைக் கட்டினவர் என்பது இன்னொரு வழி. அதனால் அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை கொஞ்சம் கூடுதல்.

மீசை முளைக்கும் வயதில் பட்டாளத்துக்குப் போனவர் அவர். அங்கே துப்பாக்கியைவிட அதிகமாக அவர் கையில் இருந்தது பேக்பைப். வெள்ளைக்காரன் காலத்தில் ஸ்காட்லாந்து மலைநாட்டுக்காரர்கள் பழக்கிவிட்டுப் போன வாத்தியம். தோல்பையை அக்குளில் இடுக்கி, வாயால் காற்றை நிரப்பி, முழங்கையால் அமுக்க வேண்டும். கீழே தொங்கும் குழலில் விரல் வைத்துப் பாட்டு வாசிப்பார்கள். தோளில் சாய்ந்து நிற்கும் மூன்று குழாய்களும் ஒரே சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். நம் ஊர் நாயனக்காரருக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுகிறவர் நிற்பாரே, அவர் பார்க்கும் வேலைதான் அது.

எழுபத்து நாலாம் வருசம் அத்தான் சுருளிப்பட்டிக்குத் திரும்பி வந்து திராட்சைப் பந்தல் போட்டார். பட்டாளத்தில் கழித்துப் போட்ட ஒரு பேக்பைப்பையும் கேட்டு வாங்கி வந்திருந்தார். தோட்டத்தில் நின்று அவர் அதை ஊதினால் ஊரே சிரிக்கும்.

"ஏ அமுதா, ஒன் வீட்டுக்காரரு ஆட்டுக்குட்டிய நெரிக்காகளா?" என்று தண்ணிக்குப் போகிற பெண்கள் கேட்பார்கள்.

"ஆமாடி, நாளைக்குக் கறி. சட்டியோட வா" என்பாள் அக்காள்.

அத்தானுக்கு இருந்த ஒரே ஆசையைச் சொல்கிறேன். அத்தனை வருசமும் வரிசையில் நடந்துகொண்டே ஊதினவர் அவர். ஜனங்கள் பட்டாளத்தைப் பார்ப்பார்களே தவிர அவர் பாட்டைக் கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை, நாலு பேர் உட்கார்ந்து கேட்க, அவர் தனியாக ஒரு பாட்டு வாசிக்க வேண்டும். மலையில் மாடு மேய்க்கிறவர்கள் பாடுவது என்று வாத்தியக் குழுவின் தலைவரான பைப் மேஜர் கற்றுக்கொடுத்த மெதுவான பாட்டு ஒன்று அவரிடம் இருந்தது.

அதற்கு இடம் எங்கள் மன்றம்தான். கம்பத்து வியாபாரி வைகுண்டராஜ் பருத்தி மூட்டை அடுக்காமல் சும்மா கிடந்த கிட்டங்கியை ஊருக்கு விட்டுக் கொடுத்திருந்தார். மாதக் கடைசி ஞாயிறு சாயங்காலம் அங்கே பாட்டு நடக்கும். கும்மி, வில்லுப்பாட்டு, வருசநாட்டு உறுமி எல்லாம் வரும். யார் எப்போது என்று சொல்லுகிறவர் நாயனக்காரர் சுருளியாண்டி. அத்தான் போய்க் கேட்டார்.

"பட்டாளத்தாரே, அது நடக்கிறவுகளுக்கு ஊதுறது. உக்காந்திருக்கவுகளுக்கு எதுக்கு?" என்றார் சுருளியாண்டி.

"ஒரு தடவ குடுத்துப் பாருண்ணே."

"சரி. வில்லுப்பாட்டு முடிஞ்சதும் ஊது. சனம் எந்திரிக்காமக் கேட்டா மாசாமாசம் ஒனக்கு எடம் உண்டு. எந்திரிச்சுப் போயிட்டா அப்பறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

வீட்டுக்கு வந்து அத்தான் சந்தோசமாகச் சொன்னதும் அக்காள் தலையில் அடித்துக்கொண்டாள். "வில்லுப்பாட்டு முடியிற நேரம் சொசைட்டிக்குப் பால் ஊத்துற நேரம். ஊரே எந்திரிக்கும். தெரிஞ்சுதான் குடுத்திருக்காக, நீங்களும் தலையாட்டிட்டு வந்திருக்கீக."

அத்தான் அசரவில்லை. பையின் தோல் காய்ந்து காற்றை விடுவதுதான் அவருக்குப் பெரிய கவலை. பட்டாளத்தில் அதற்குள் தித்திப்பான மருந்து ஒன்று ஊற்றிப் பிசைவார்களாம். அது இங்கே ஏது? கருப்பட்டிப் பாகு காய்ச்சி, ஆறவைத்துப் பைக்குள் ஊற்றிப் பிசைந்தார். குழல்களைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் பையை மட்டும் பந்தல் கல்காலில் கயிறு கட்டித் தாழத் தொங்கவிட்டுக் காயப் போட்டார். எறும்பு ஏறாமல் கயிற்றில் மண்ணெண்ணெய்த் துணியும் சுற்றினார். எறும்பை நினைத்தவர் நாயை நினைக்கவில்லை.

தோலுக்குத் தோல், இனிப்புக்கு இனிப்பு. எந்த நாய் விடும்? அத்தான் மதியச் சாப்பாட்டுக்குப் போய் வருவதற்குள் பையில் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை. தின்றது சுருளியாண்டியின் நாய்.

அத்தான் பையைத் தூக்கிக்கொண்டு சைக்கிள் கடைக்கு ஓடினார். கடைக்காரர் டியூப் துண்டு வெட்டிப் பஞ்சர் ஒட்டிப் பார்த்தார். கருப்பட்டிப் பிசுக்கில் ஒட்டு நிற்கவே இல்லை. ஊதினால் ஓட்டை வழியாகத்தான் சத்தம் வந்தது. கடையில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பு மன்றம் வரைக்கும் கேட்டிருக்கும்.

மறுநாள் கடைசி ஞாயிறு. காலையில் சுருளியாண்டி தானாகவே தோட்டத்துக்கு வந்தார்.

"நானே நாய ஏவி விட்டேன்னு ஊருக்குள்ள பேசுறாக."

"நான் சொல்லலண்ணே."

"நான்தான் சொன்னேன்" என்றாள் அக்காள்.

சுருளியாண்டி அவள் பக்கம் திரும்பவே இல்லை. "குழல் நல்லாத்தான இருக்கு? பை இல்லாட்டிப் போகுது. குழல வாயில வச்சு ஊது. ஒத்துக்கு எங்க அம்மாவாசிய வச்சுக்க. என் நாயி செஞ்ச வேலைக்கு என்னால ஆனது."

அம்மாவாசி அவருடைய மேளக் குழுவில் ஒத்து ஊதுகிறவர். வாயில் ஊதியபடியே மூக்கால் மூச்சு இழுத்து, ஒரே சுரத்தை அறுபடாமல் பிடிப்பார். அன்று மதியம் இரண்டு பேரும் பந்தலடியில் உட்கார்ந்தார்கள். அத்தான் குழலை ஊதிக் காட்ட, அம்மாவாசி ஒத்தின் துளைகளில் மெழுகை வைத்தும் எடுத்தும் சுருதி சேர்த்தார். பிறகு அத்தான் பாட்டை முழுக்க வாசித்தார்.

"இது மாட்டத் தொலைச்சவன் பாட்டாய்யா?" என்று கேட்டார் அம்மாவாசி.

"மேய்க்கிறவன் பாட்டு."

"தொலைச்சிருக்கான். இல்லாட்டி இப்பிடி இழுக்க மாட்டான்."

சாயங்காலம் வில்லுப்பாட்டு முடிந்தது. அத்தான் எழுந்து நின்றார், பக்கத்தில் அம்மாவாசி. ஒத்துச் சத்தம் முதலில் எழும்பியது. அதன்மேல் குழல் ஏறியது. பையில்லாமல் ஊதுவதால் அத்தானுக்கு அடிக்கடி மூச்சு முட்டியது. முகம் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்தது. அவர் மூச்சு வாங்கும்போதெல்லாம் ஒத்து அறுபடாமல் நின்று பாட்டைத் தாங்கிப் பிடித்தது. அவர் திரும்ப வந்து அதன்மேல் ஏறிக்கொள்வார்.

பாதிப் பாட்டில் சொசைட்டி மணி அடித்தது. பாத்திரங்கள் கணகணத்தன. பாதிக் கூட்டம் எழுந்து போய்விட்டது. நான் அக்காள் முகத்தைப் பார்த்தேன். அவள் மடியில் கையைக் கோத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். அத்தான் கண்ணை மூடி வாசித்ததால் அவருக்குத் தெரியவில்லை. அம்மாவாசிக்குத் தெரிந்தது. ஆனால் ஒத்து வாயில் இருக்கும்போது என்ன சொல்ல முடியும்?

அத்தான் பாட்டின் முதல் அடியைத் திரும்ப எடுத்தபோது, எழுந்து போனவர்களில் ஒருத்தியான மூக்கம்மாள் காலிப் பால் தூக்கோடு வாசலில் வந்து நின்றாள். பார்த்துவிட்டுத் தன் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். அவள் பின்னால் இன்னும் இரண்டு பேர். பிறகு தூக்குச் சட்டிகள் வரிசையாக வந்தன. பாட்டு முடிந்தபோது கிட்டங்கி நிறைந்திருந்தது.

சுருளியாண்டி தொண்டையைச் செருமினார். "என்ன இருந்தாலும் பேச்சு பேச்சுதான். சனம் எந்திரிச்சுப் போனாகல்ல?"

"திரும்பி வந்தாகல்ல? ஒங்க நாயனத்துக்கு யாரு இப்பிடித் திரும்பி வந்திருக்காக?" என்றாள் அக்காள்.

கிட்டங்கி முழுக்கச் சிரிப்பு. கடைசியில் சுருளியாண்டியும் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு மாதாமாதம் அத்தானுக்கு இடம் இருந்தது. பால் ஊற்றி வந்த பிறகு.

அடுத்த தைப் பொங்கலுக்குப் பட்டாளத்துக் கூட்டாளி ஒருவர் புதுப் பை அனுப்பி வைத்தார். அதை முதலில் பார்த்தவர் அம்மாவாசி. மூன்று குழாய்களும் மாட்டி, பை உப்பி, ஆணியில் தொங்கியது.

"அப்ப ஒத்துக்கு இனி ஆளு வேணாம். நல்லதுதான், நானும் கொஞ்சம் காலாற இருப்பேன்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அங்கன எங்கய்யா போறீரு?" என்று அத்தான் குழாய்களைச் சாய்த்துக் காட்டினார். மருந்துப் புட்டித் தக்கைகளைச் சீவி மூன்று வாயிலும் இறுக்கமாக அடைத்திருந்தார். "பை என் மூச்சுக்கு. சுருதிக்கு நீரு. உக்காரும்."

அம்மாவாசி ஒவ்வொரு தக்கையையும் ஆட்டிப் பார்த்தார். மூன்றாவதை நன்றாக அமுக்கிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

உள்ளே இருந்து அக்காள் குரல் கொடுத்தாள். "வாசிக்கிறதெல்லாம் வாசிங்க. பைக்கு ஊத்தணும்னு கருப்பட்டி கேட்டு அடுப்படிப் பக்கம் வந்திராதீக."