மாட்டுங்கா–செம்பூர்: ஜி.பி.எஸ். பெட்டியோடு ஒரு கிருத்திகை

போன கிருத்திகையன்று நாத்தனார் கோமதியோடு மும்பை மாட்டுங்காவிலிருந்து செம்பூர் முருகன் கோயிலுக்குப் போய்வந்தேன். எட்டு கிலோமீட்டர்தான், இதற்கு எதற்குக் கட்டுரை என்று கேட்பீர்கள். கோமதிக்கு இரண்டு வருடமாகக் கண் தெரியாது. மாதாமாதம் கிருத்திகைக்குத் தனியாகப் போய்வர வேண்டும் என்பது அவள் ஆசை. "ஒரு தடவை சரியான ஸ்டாப்பில் தானாக இறங்கிக் காட்டட்டும், பார்க்கலாம்" என்றார் என் வீட்டுக்காரர். இது அந்தப் பரீட்சை.

அவளிடம் இருப்பது பட்டன் போன். அதனால் உள்ளங்கையளவு லினக்ஸ் கணினி ஒன்றில் ஜி.பி.எஸ். ரிசீவரையும் இயர்போனையும் இணைத்து ஒரு பெட்டி செய்தேன். ஸ்டாப் நெருங்கும்போது என் குரலே பெயர் சொல்லும். நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. மதியம் சமையல் முடிந்தபின் தட்டுத்தடுமாறிக் கற்றதுதான்.

காலை 7.10க்கு வீட்டருகே கிங்ஸ் சர்க்கிளில் பஸ். டிக்கெட் தலைக்கு 15 ரூபாய். அவள் முன்னால், நான் மூன்று ஸீட் பின்னால். நான் வாய் திறக்கக் கூடாது என்பது ஏற்பாடு. 7.45க்கு செம்பூர் ஸ்டாப்பில் பஸ் நின்றது. கோமதி அசையவில்லை. பஸ் கிளம்பப் போகிறது, எனக்குத் தாங்கவில்லை.

"கோமதி, எறங்குடி!"

"மாவ்ஷி, லவ்கர்!" என்று கண்டக்டரும் மராத்தியில் அவசரப்படுத்தினார்.

இறங்கியதும் அவள் சொன்னாள்: "மன்னி, உங்க பொட்டி இப்பத்தான், எப்பவோ தாண்டின சுனாபட்டிங்கறது. பஸ்ஸை விட்டுட்டு நடந்து வரதோ என்னமோ!" சிரித்தாள். கொஞ்சம் பொறுத்து, "அண்ணாகிட்ட என்ன சொல்லப்போறேள்?" என்றபோது குரலில் சிரிப்பில்லை.

கோயிலுக்கு ஆட்டோ 26 ரூபாய். அர்ச்சனை முடிந்ததும் அவள் கந்தர் நாமம் சொல்லிக்கொண்டிருக்க, நான் படியோரம் உட்கார்ந்து, என் போன் வழியாகப் பெட்டிக்குள் பார்த்தேன்.

தப்பு என்னுடையது. ரிசீவர் விநாடிக்கொரு முறை சில வரிகளில் இடம் சொல்கிறது. பாட்டரியை மிச்சம் பிடிக்க, நிமிடத்துக்கொரு முறை ஒரு விநாடிக்கான வரிகளை மட்டும் படிக்கும்படி நிரல் எழுதியிருந்தேன். சாதனங்களையெல்லாம் மேய்க்கிற அடிப்படை மென்பொருளான கெர்னல், வந்ததை ஒரு சின்ன டப்பாவில் பிடித்துவைக்கிறது. டப்பா நிறைந்தால் புதிதாக வருவது வீணாகிறது. கேட்டால் பழையதைத்தான் முதலில் தரும். அரிசி டப்பாவில் நானும் பழையதைத்தான் முதலில் செலவழிப்பேன், அதனால் இது தவறாகத் தோன்றவேயில்லை. கோமதி காதில் கேட்டது ஏழெட்டு நிமிடம் பழைய இடம். பாட்டரியும் மிஞ்சவில்லை. படிக்காவிட்டால் ரிசீவர் தூங்கிவிடுமா என்ன?

எனக்குத் தோன்றுவது இதுதான். கெர்னல் ரிசீவரை ஏதோ ஒரு வயர் என்று நினைக்காமல் ரிசீவராகவே அடையாளம் காண வேண்டும். நிரல் திறந்தால் மின்சாரம் கொடுக்க வேண்டும், மூடினால் நிறுத்த வேண்டும். இதற்கு இப்போதைய லினக்ஸில் தனி ஏற்பாடே இருக்கிறது, எல்லா ரிசீவருக்கும் அது இன்னும் வந்து சேரவில்லை. வரிகளுக்கு அர்த்தம் சொல்வது கெர்னலின் வேலையல்ல, அதை மேலே உள்ள நிரல் பார்த்துக்கொள்ளும். ஆனால் ஒவ்வொன்றும் எப்போது வந்தது, டப்பா எப்போது வழிந்தது என்று சொன்னால் போதும், என்னைப் போன்றவர்கள் பிழைத்துக்கொள்வோம். கெர்னல் எழுதுகிறவர்களின் மின்னஞ்சல் குழுவுக்கும் இதை எழுதிவிட்டேன்.

வருகிற வரியையெல்லாம் உடனே படித்து, கடைசியை மட்டும் நம்பும்படி நிரலை மாற்றினேன். கோயிலில் இருக்கும்வரை ரிசீவரை மூடிவைக்கவும் செய்தேன்.

10.20க்குத் திரும்பும் பஸ். சயானில் ஏறிய கூட்டத்தில் கோமதி என் கண்ணிலிருந்து மறைந்தாள். கிங்ஸ் சர்க்கிள் வந்தது, நான் கதவை நெருங்குவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. முருகா முருகா என்று கூட்டத்துக்குள் அவளைத் தேடினேன். போன் அடித்தது.

"மன்னி, எறங்கியாச்சு. பூக்கடைகிட்ட நிக்கறேன். நீங்க எங்கே?"

தாதரில்தான் எனக்கு இறங்க வழி கிடைத்தது.

இதுபோல் செய்ய நினைப்பவர்களுக்கு: ஜன்னலோர ஸீட்டைப் பிடியுங்கள், ரிசீவருக்கு வானம் தெரிய வேண்டும். கிளம்புமுன் ஐந்து நிமிடம் திறந்த வெளியில் வையுங்கள். ஆட்டோ திரும்பவும் 26, ஆக இருவருக்கும் போக்குவரத்து 112 ரூபாய். மாற்றுத்திறனாளி பாஸ் எடுத்துவிட்டால் இன்னும் குறையும்.

எல்லாம் கேட்ட பிறகும் வீட்டுக்காரருக்கு மனசு ஆறவில்லை. "அடுத்த தடவை நான் பின்னாடி உக்காந்துண்டு வரேன்" என்றார்.

"எதுக்குண்ணா?" என்றாள் கோமதி. "நீயும் தாதர் வரைக்கும் போயிடுவே."