கறுப்புக் கவரும் மாடிப்படியும்

எனக்கு மீன் கடை. திண்டுக்கல்லில், மார்க்கெட்டுக்குப் பின்னால். ஒரு பலகை, ஒரு அரிவாள்மணை, ரெண்டு ஐஸ் பெட்டி. இருபது வருசத்துக்கு மேல் ஆச்சு. வேற தொழில் தெரியாது.

கடலை ஒரே ஒரு தரம் பார்த்திருக்கிறேன், வேளாங்கண்ணிக்குப் போனபோது. காலை நனைத்தேன், வந்துவிட்டேன். அதோட சரி.

அன்றைக்கு ஒரு அம்மாவுக்குப் பாறை மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். ரொம்ப நாளாக என்னிடம் வாங்குகிறவள். புருசன் மில்லுக்குப் போகிறவர். ஒரு வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தார்கள். வயிற்றைக் கீறிக் குடலை இழுத்தேன். கூடவே கறுப்பாக என்னவோ சுருண்டு வந்தது.

"என்னக்கா அது?"

விரலால் பிரித்துப் பார்த்தேன். கவர். பாதிதான் இருந்தது. பிடித்துத் தூக்குகிற காது மட்டும் முழுசாக இருந்தது.

"கவரு."

"மீனுமாக்கா கடைக்குப் போயிட்டு வருது?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். மீனைக் கழுவி, பக்கத்தில் தொங்கிய கத்தையிலிருந்து கறுப்புக் கவர் ஒன்றை உருவி, போட்டுக் கொடுத்தேன். அவள் அதைக் கட்டைப்பைக்குள் வைத்து மேலே முருங்கைக்கீரையைப் பரப்பிக்கொண்டு போனாள். எப்பவும் அப்படித்தான் கொண்டுபோவாள். பஸ்ஸில் வாடை அடிக்கும் என்று செய்கிறாள் போல என்று நினைத்திருந்தேன். கேட்டதில்லை.

அவள் போன பிறகு பலகையைக் கழுவினேன். அந்தக் காது ஒட்டிக் கிடந்தது. தொங்கிய கவர்க் கத்தையைப் பார்த்தேன். அதே காது.

மறுநாள் காலையில் லோடு வந்தது. வண்டி ஓட்டி வருகிறவன் கடற்கரைப் பக்கத்து ஆள். பெட்டியை இறக்கும்போது சொன்னேன்.

"அப்பு, மீன் வயித்துல கவர் கெடந்துச்சுப்பா."

"இப்பத்தான் பாக்குறியளாக்கா? வலைய இழுத்தா பாதிக்கு அதுதான வருது. மீனை உங்களுக்கு அனுப்புதோம். கவரத் திரும்பக் கடல்லயே போட்டுருதாவ."

"அதை ஏன்யா திரும்பப் போடுறீக?"

"பின்ன? அதுக்கும் ஐஸ் வச்சு அனுப்பவா?"

"நாங்க கடலுக்கு எம்புட்டோ தூரத்துல கெடக்கோம். எங்க கவரா அங்க வந்து சேரப்போகுது?" என்றேன்.

"உங்க ஊருல ஆறு இல்லையா?"

"குடகனாறு இருக்கு. மழை பெஞ்சா ஓடும்."

"ஓடி எங்க போவும்?"

அமராவதிக்குப் போகும். அங்கிருந்து காவிரி. வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். அவன் அடுத்த பெட்டியை இறக்கப் போய்விட்டான்.

என் தப்பையும் எழுத வேண்டும். மீன் குடலையும் செதிலையும் சாயங்காலம் ஒரு கவரில் கட்டிப் பின்னால் இருக்கிற சாக்கடையில் போடுவேன். அம்புட்டு வருசமும் போட்டேன். எல்லாரும் போடுவார்கள். பெரிய மழை பெய்தால் சாக்கடை சுத்தமாகிவிடும். மழை வந்து சுத்தம் பண்ணிவிட்டது என்றுதான் நினைத்திருக்கிறேன்.

அன்றையிலிருந்து கவர் வாங்குவதை நிறுத்தினேன். குடலை வாளியில் போட்டு வைத்தேன். வடமதுரைப் பக்கம் பூந்தோட்டம் வைத்திருக்கிற ஒருத்தர் வந்து எடுத்துக்கொண்டு போவார். வெல்லம் போட்டு ஊற வைத்துச் செடிக்கு ஊற்றுவாராம். ஒரு அட்டையில் 'கவர் கிடையாது, பாத்திரம் கொண்டு வரவும்' என்று எழுதி மாட்டினேன்.

பக்கத்துக் கடைக்காரர் அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"என்ன மதினி, கடலுக்கு உங்களைத்தான் காவலுக்குப் போட்டிருக்காகளா?"

"ஆமா. நீங்களும் வாங்க. ஆள் பத்தல."

"சம்பளம் உண்டா?"

"உங்க ஏவாரத்துக்கு நான் ஆள் அனுப்புறேன்ல, அதான் சம்பளம்."

அது நிஜம். பாதிப் பேர் அவரிடம் போனார்கள். சிலர் சட்டி கொண்டுவந்தார்கள். ஒருத்தன் ஹெல்மெட்டைக் கழற்றி நீட்டினான். போட்டுக் கொடுத்தேன். ஒன்றும் கொண்டுவராதவர்களுக்கு வாழை இலையில் மடித்து, மேலே பேப்பர் சுற்றி, நூல் கட்டிக் கொடுத்தேன். கை வலித்தது. கவரென்றால் ஒரு உதறல், முடிந்தது. இது ஒவ்வொன்றுக்கும் செத்த நேரம் பிடிக்கும். நிற்கிறவர்கள் முனகுவார்கள்.

தை மாசம். பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள் மாலை போட்டிருந்தார்கள். மீன் வியாபாரம் எப்பவும் மந்தம்தான் அப்போது. மாடி வீட்டு அம்மா வந்தாள். மகள் பிரசவத்துக்கு வந்து பிள்ளை பெற்றுப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. பால் பத்தவில்லை.

"பால்சுறா இருக்காக்கா?"

இருந்தது. வெட்டினேன். பால் ஊறுவதற்கு அதைத்தான் புட்டு செய்து கொடுப்பார்கள். பூண்டு நிறையப் போட்டு.

இலையை எடுத்தேன். அவள் பார்த்தாள்.

"அக்கா, எனக்கு மட்டும் கவர்ல குடுங்க."

"அட்டை மாட்டியிருக்கேன்ல."

"பாத்தேன். ஒண்ணே ஒண்ணு."

"ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாகம்மா."

"பழசு எதுவும் கெடக்காதா?"

பெட்டிக்கு அடியில் பழைய கவர் பத்து இருபது கிடந்தது. "இல்ல" என்றேன். அவள் வேறு என்னவோ சொல்ல வந்தாள். பின்னால் ஆள் நின்றதால் பேசாமல் வாங்கிக்கொண்டாள். நாலு சுற்று பேப்பர் சுற்றித்தான் கொடுத்தேன்.

ரெண்டு நாள் கழித்து வந்தாள். மீன் வாங்க வரவில்லை. பலகைக்கு ஓரமாக நின்றாள். ஆள் இல்லாத நேரம் பார்த்துச் சொன்னாள்.

கீழே வீட்டுக்காரர்கள் சைவம். வீட்டில் மீன் கூடாது என்று சொல்லித்தான் மாடியை விட்டிருக்கிறார்கள். மாசக் கார்த்திகைக்கு அவர்கள் பழனிக்குப் போகிற அன்றைக்குத்தான் இவள் மீன் வாங்குவாள். கறுப்புக் கவர், அதுக்கு மேல கீரை. பால்சுறா வாங்கின அன்றைக்கு அவர்கள் வீட்டில்தான் இருந்தார்கள். பிள்ளை பெத்தவளுக்குப் பூண்டு வதக்குகிறோம் என்றால் வாடை அமுங்கிவிடும் என்று துணிந்துவிட்டாள். இலை ஒழுகியிருக்கிறது. பை நனைந்து மாடிப்படி முழுக்கச் சொட்டு. வீட்டுக்காரர் மாலை போட்டிருக்கிறார். குளித்துவிட்டு மொட்டை மாடிக்கு வேட்டி காயப்போட ஏறியவர் அதை மிதித்துவிட்டார்.

"இந்த மாசத்தோட காலி பண்ணச் சொல்லிட்டாக."

"என்னம்மா சொல்ற?"

"பச்சைப் பிள்ளைய வச்சிக்கிட்டு யாருக்கா வீடு தருவா?"

என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு எதையாவது சொல்லியிருப்பேன். "கவரா இருந்தா ஒழுகியிருக்காது" என்று மட்டும் சொன்னாள். போய்விட்டாள்.

இம்புட்டு வருசமாக மீன் விற்கிறேன். இந்த ஊரில் மீனை மறைத்துக் கொண்டுபோகிற வீடு எத்தனை இருக்கும் என்று நினைத்துப் பார்த்ததில்லை. மாலை போட்ட வீட்டுப் பக்கத்தில் குடியிருக்கிறவர்கள், சைவ வீட்டு மாடியில் இருக்கிறவர்கள். கவர் என்றால் மீன் போடுகிற பை என்றுதான் நான் நினைத்தேன். அவர்களுக்கு அது மூடிக்கொள்கிற துணி. அதை உருவிவிட்டு இலையைக் கொடுத்திருக்கிறேன்.

மத்தியானம் கடையை மூடினேன். ரெண்டு தரம் சோப்புப் போட்டுக் குளித்தேன். வேற சேலை மாற்றிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். மாடிப்படியை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தார்கள். வீட்டுக்கார அம்மா கம்பிக் கதவைத் திறக்காமல் நின்றார்.

"யாரு வேணும்?"

"மார்க்கெட்டுல மீன் விக்கிறவம்மா நான்."

ஒரு எட்டு பின்னால் போனார்.

"உள்ள வரலம்மா. இங்கனயே நின்னு சொல்லிட்டுப் போறேன். படியில ஒழுகுனது என் தப்பு. அந்தம்மா கவர் கேட்டுச்சு. நான்தான் குடுக்கல."

"கவர்ல கொண்டு வந்தா எங்களுக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

"ஆமா."

"ஒவ்வொரு கார்த்திகைக்கும் போயிட்டு வந்து கதவைத் திறந்தா ஊதுபத்தி வாசம் மூக்கைத் துளைக்கும். எந்த வீட்டுல மத்தியானத்துல பத்துப் பத்தி கொளுத்துறாங்க? எல்லாம் தெரியும். கண்ணுல படல, பேசாம இருந்தோம். இப்ப அவர் மாலை போட்ட கால்ல மிதிச்சிட்டார்."

"பிள்ளை பெத்தவளுக்குத்தாம்மா வாங்குச்சு. பால் பத்தல."

மேலே பிள்ளை அழுதது. ரெண்டு பேரும் கேட்டுக்கொண்டு நின்றோம்.

"நீங்க ஏன் கவர் குடுக்கல?" என்றார்.

"குடுக்கிறதில்ல. மீன் வயித்துல இருக்கு."

"கவரா?"

"ஆமா."

முகத்தைச் சுளித்தார். அதற்கு மேல் விளக்க எனக்குத் தெம்பு இல்லை. அவரும் கேட்கவில்லை.

"அவர் மலைக்குப் போயிட்டு வரட்டும். மாலையைக் கழட்டினப்புறம் பேசிக்கலாம். அதுவரைக்கும் மேல மீன் போகக்கூடாது."

அதுவரைக்கும் பிள்ளைக்கு டப்பாப் பால் கொடுத்தார்கள். அந்த நாளெல்லாம் பெட்டிக்கு அடியில் கிடந்த பழைய கவர்களை ரெண்டு மூணு தரம் எடுத்துப் பார்த்தேன். அந்த ஒருத்திக்குக் கொடுத்திருந்தால் என்ன என்று தோன்றும். திரும்ப அடியிலேயே வைத்துவிடுவேன்.

பூசம் முடிந்து நாலாம் நாள் அவள் வந்தாள்.

"இருக்கச் சொல்லிட்டாகக்கா. கண்ணுல படக்கூடாது, ஒழுகக்கூடாதுன்னாக. ஆனா படியேறயில கதவைச் சாத்திக்கிறாக. முந்தி பேசுவாக."

நான் சோறு கொண்டுபோகிற கேரியரை எடுத்தேன். மூணு அடுக்கு. அடித்தட்டில் பால்சுறாவைத் தண்ணீர் வடித்துப் போட்டேன். நடுவில் ஒன்றும் இல்லை. மேல்தட்டில் அவள் கீரையை ஆய்ந்து வைத்தாள். கொக்கியை மாட்டிக் கவிழ்த்துப் பார்த்தேன். சொட்டவில்லை.

"பெறகு நீங்க எதுல சாப்பிடுவீகக்கா?"

"இலையில."

அவள் சிரித்தாள்.

மூணாம் நாள் கேரியரைக் கழுவிக் கொண்டுவந்தாள். மகளுக்குப் பால் ஊறுகிறதாம். கூடவே ஒரு டப்பா. பஞ்சாமிர்தம். கீழ் வீட்டுக்காரர் மலையிலிருந்து வாங்கி வந்தது. படியில் வைத்துவிட்டுப் போனார்களாம், ரெண்டு டப்பா. ஒன்று எனக்கு.

"எனக்குன்னு அவுக சொன்னாகளா?"

"சொல்லல. ரெண்டு இருந்துச்சு."

சாப்பிட்டு முடித்தேன். டப்பா பிளாஸ்டிக். தூக்கிப் போட்டால் சாக்கடைக்குப் போகும், அங்கிருந்து எங்கே போகும் என்று தெரியும். பாத்திரம் இல்லாமல் வருகிறவர்களுக்கு மீன் போட்டுக் கொடுக்கலாம் என்றால் மூடியில் சாமி படம். கழுவி, வீட்டில் உப்பு போட்டு வைத்திருக்கிறேன்.