உள்வாசல் சோதனை

வீட்டுக் கதவைப் பூட்டியதும் என் வலது கை தானாக எழும்பிச் சட்டைப்பையைத் தொட்டுப் பார்க்கும். மாடிப்படி இறங்கித் தெருவில் கால் வைக்கும்போது இன்னொரு முறை தொட்டுப் பார்க்கும். நோர்வேக்கு வந்து இருபது வருடமாகப் போகிறது. தெருவில் மறித்து அடையாள அட்டை கேட்டவர் இங்கே ஒருவருமில்லை. ஆனாலும் கை கேட்க மாட்டேன் என்கிறது. கீழ்வீட்டு மாரிட் ஒருநாள் வாசலில் சவளால் பனி தள்ளிக்கொண்டு நின்றவர், அதைப் போட்டுவிட்டு ஓடி வந்து, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "ஹியார்த்தெ?" என்று கேட்டார். இருதயம்! எனக்கு நெஞ்சுவலி என்று நினைத்துவிட்டார், பாவம். "பிரா, பிரா", நல்ல சுகம் என்று சொல்லித் தப்பினேன். அன்றிலிருந்து கண்ட இடத்திலெல்லாம் உப்பைக் குறைக்கச் சொல்லிப் புத்திமதி. கருவாட்டை விட்டாலும் இந்தப் பழக்கம் விடாது என்று அவருக்கு நான் எப்படி விளங்கப்படுத்துவது?

வைத்தியசாலைகளில் நோயாளரைப் பதிவு செய்யும் மென்பொருள் எழுதுவது என் வேலை. எங்கள் நிறுவனத்துக்கு யாழ்ப்பாணத்திலும் ஒரு சின்னக் குழு இருக்கிறது. ஒருவர் செய்த மாற்றத்தை இன்னொருவர் படித்து ஒப்புதல் தந்தால்தான் அது நிரலுக்குள் போகும். போன கிழமை அங்கிருந்து தர்சிகா என்ற பிள்ளை அனுப்பிய மாற்றம் என்னிடம் வந்தது. திறந்து பார்த்தால், வெட்டுவதற்குச் சிவப்பில் காட்டியிருப்பதெல்லாம் நான் எழுதிய வரிகள்! நோயாளரின் அடையாள இலக்கம் உள்ளே வரும்போதே அது வெறுமையாக இருக்கிறதா என்று நிரல் பார்த்துவிடும். அதுதான் வாசல். அந்த வாசலைத் தாண்டி வந்த இலக்கத்தை, உள்ளே பதிவை எடுக்கும் இடத்தில் நான் மறுபடியும் அதே கேள்வி கேட்டு மறித்திருந்தேன். இந்த இரண்டாவது சோதனை தேவையில்லை என்கிறார் தர்சிகா. எனக்குச் சுருக்கென்றது. நேற்று வந்த பிள்ளை என் வரியில் கை வைப்பதா? "இருந்தால் என்ன நட்டம்? பாதுகாப்புக்கு இருக்கட்டும்" என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டேன்.

அரை மணித்தியாலத்தில் அழைப்பு வந்தது.

"அண்ணை, அஞ்சு நிமிசம் கதைக்கலாமே?"

"ஓம், சொல்லுங்கோ."

"நீங்கள் சும்மா எழுதியிருக்க மாட்டியள். ஏன் ரண்டாந்தரமும் பாக்கோணும் எண்டு வைச்சனீங்கள்? காரணம் இருந்தால் சொல்லுங்கோ, நான் அதிலை கை வைக்கேல்லை."

அந்த வரிகளை எத்தனையோ பேர் பார்த்துவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. நான் பதில் சொல்லுமுன் அவரே தொடர்ந்தார்.

"இது சரிவந்தால் இந்தப் பகுதி முழுக்க எங்கடை ரீமுக்குத் தருவினமாம். இல்லாட்டி என்னைக் கொழும்பு ஒபிசுக்கு மாத்தப் போகினம். எனக்கு ஊரை விட்டுப் போக விருப்பமில்லை. அதுக்காண்டி ஓம் போடுங்கோ எண்டு கேக்கேல்லை, அண்ணை. பிழையெண்டால் பிழையெண்டு சொல்லுங்கோ."

காரணம் இருந்தது. அது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. சண்டிலிப்பாயிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வகுப்புக்குப் போன காலத்தில் வழியில் இராணுவத்தின் இரண்டு சென்றிகள், சோதனைச் சாவடிகள், இருந்தன. சைக்கிளை விட்டு இறங்கி, உருட்டிக்கொண்டு போய், காவலுக்கு நிற்பவரிடம் அட்டையைக் காட்டவேண்டும். ஒருநாள் எங்கள் சந்தியில் இருந்த முதலாவதில் நின்றவர் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, திரும்பி வரும்போது எடு என்று கையால் காட்டிப் போகச் சொன்னார். ஏனென்று கேட்கிற காலமா அது? இரண்டாவதில் அட்டை எங்கே என்றார்கள். பொழுதுபடுமட்டும் வெயிலில் இருத்தி வைத்தார்கள். அம்மா கிராம சேவையாளரைக் கூட்டிக்கொண்டு வந்து, அழுது மன்றாடித்தான் என்னை மீட்டார். திரும்பி வந்தால் முதலாவதில் ஆள் மாறியிருந்தது. என் அட்டை போனது போனதுதான். ஒரு வாசலில் சரியென்று விடப்பட்டவன், அடுத்த வாசலுக்குப் போவதற்குள் அடையாளம் இல்லாதவனாகலாம். இதையெல்லாம் யோசித்து நான் அந்த வரிகளை எழுதவில்லை. சட்டைப்பைக்குப் போகிற கைதான் அதையும் எழுதியிருக்கிறது.

இதை அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. "இடையிலை அந்த இலக்கம் காணாமல் போனால்?" என்று மட்டும் கேட்டேன்.

"போகேலாது, அண்ணை. வாசலிலை பாத்த உடனை பூட்டி வைக்கிறம். பிறகு ஆரும் மாத்தவும் ஏலாது, பறிக்கவும் ஏலாது."

பிறகு ஒவ்வொரு வழியாகத் திரையில் காட்டிக்கொண்டு வந்தார். பழைய பதிவேடுகளை ஏற்றுகிற ஒரு வழி மட்டும் வாசலுக்கு வராமலே உள்ளே நுழைகிறதாம். இத்தனை வருடமாக என் கண்ணில் அது படவில்லை! "அந்தப் பக்கப் படலையை முதல்லை அடைச்சுப்போட்டுத்தான் உங்கடை சோதனைக்கு வந்தனான். வெறும் இலக்கம் வந்தால் உங்கடை சோதனை ஒரு சத்தமும் போடாமல் 'நோயாளர் இல்லை' எண்டு திருப்பி விடுது, அண்ணை. பிழை எங்கை எண்டு ஒருத்தருக்கும் தெரியாது." வெறும் இலக்கங்களை வேண்டுமென்றே அனுப்பியும் பார்த்திருந்தார், எல்லாம் வாசலிலேயே திரும்பியிருந்தன. அடேயப்பா! சும்மா சொல்லக்கூடாது, வரிக்கு வரி பிழை பிடிக்கத்தான் இருந்தேன். கடைசியில் அவருடைய பொறுமையைப் பார்த்து வியந்துபோய் இருந்தேன். எதையாவது எடுத்து எறிவது லேசு. எறியுமுன் அதை வைத்தவனிடம் ஏன் வைத்தாய் என்று கேட்பதற்குப் பெரிய மனது வேண்டும். ஒப்புதல் போட்டேன்.

"வீடு எவடம்?" என்று பிறகுதான் கேட்டேன்.

"சண்டிலிப்பாய், அண்ணை."

என் ஊர்! "சந்தியிலை சென்றி இருந்த இடத்திலை இப்ப என்ன இருக்கு?"

"சென்றியோ? அங்கை சென்றி இருந்ததே? உதிலை மரக்கறிக் கடையெல்லோ இருக்கு. நான் டெய்லி உதாலைதான் வாறன், ஒருத்தரும் மறிக்கிறேல்லை."

சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தப் பிள்ளை மறிப்பாரின்றி அந்தச் சந்தியைத் தாண்டி வீட்டுக்குப் போகும், நாளைக்கும் போகும். ஆனால் என் அட்டையை வாங்கி வைத்த சென்றியை ஊரே மறந்துவிட்டதே என்று கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

அடுத்த நாள் காலை கதவைப் பூட்டினேன். கை சட்டைப்பைக்குப் போனது. நோர்வே அட்டை இருந்தது. தெருவில் கால் வைத்ததும் கை மறுபடியும் எழும்பியது. வாசலில் நின்ற மாரிட் நிமிர்ந்து பார்த்து, "ஹியார்த்தெ?" என்றார். இந்த முறை "பிரா" என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டாம் முறை என் கை தேடுவது இந்த நாட்டு அட்டையை அல்ல. பள்ளிக்கூடச் சட்டையோடு எடுத்த படம் ஒட்டிய, சண்டிலிப்பாய் விலாசம் எழுதிய அட்டையை. வரும்போது எடு என்று சொல்லித்தானே அதை வாங்கி வைத்தார்கள்.