லொடலொட டிராயர்

போன வாரம் என் மகள் வீட்டுக்கு ஒரு மேஜை அட்டைப்பெட்டிக்குள் படுத்துக்கொண்டு வந்தது. மேஜை என்றால் நாலு கால் இருக்கும், நின்றுகொண்டுதான் வரும் என்று நினைக்கிற ஆள் நான். இது பலகை பலகையாக, அப்பளக் கட்டு மாதிரி அடுக்கி வந்திருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கிற குட்டி மேஜை. ஒரு டிராயர். கூடவே ஒரு பொட்டலம் திருகாணி, அதைத் திருகுவதற்கு வளைந்த கம்பி ஒன்று. அந்தக் கம்பியால் காது குடையலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது மகள் செல்வி ஓடிவந்து பிடுங்கினாள்.

"அப்பா, ப்ளீஸ், நீங்க கை வைக்காதீங்க. ஃபிட்டிங்குக்கு ஆள் வருவான்."

ஆள் வந்தான். நான் அரை கிளாஸ் கட்டிங் சாயா குடித்து முடிப்பதற்குள் அப்பளக் கட்டு மேஜையாக நின்றது. டிராயரை இழுத்துக் காட்டினான். கையை விட்டான். அது தானாகவே மெதுவாகப் போய் வாயை மூடிக்கொண்டது. ஒரு முனகல் இல்லை.

"தேக்கோ அங்க்கிள், ஏக்தம் சைலண்ட்!" என்றான். துளி சத்தம் இல்லையாம்.

செல்வி கைதட்டினாள். என் சம்சாரம் மரகதம்கூடச் சிரித்தாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. டிராயர் சத்தம் போடவில்லையே என்று கவலைப்படுகிற கிறுக்கன் இந்தப் பம்பாய்ச் செம்பூரிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

யாரும் பார்க்காத நேரத்தில் குனிந்து அந்த மேஜையை மோந்து பார்த்தேன். மர வாசமே இல்லை, பசை வாசம்தான். பசை வாசம் எனக்குப் புதிதில்லை. தாராவியில் பேக் தைக்கிற கார்கானாவில் பாதி ஆயுசை அந்த வாசத்தில்தான் கழித்தேன். ரெக்சினையும் தோலையும் வெட்டிக் கொடுக்கிற வேலை. எதை வெட்டினாலும் அட்டையில் செய்த அச்சு ஒன்றை மேலே வைத்து, ஓரமாகக் கோடு போட்டு வெட்ட வேண்டும். அந்த அட்டைக்கு ஃபர்மா என்று பெயர். நான் பள்ளிக்கூடம் போனது கொஞ்ச நாள். அதிலும் பாதி நாள் வாத்தியார் வரவில்லை, மீதி நாள் நான் போகவில்லை. இன்றைக்கும் யாராவது கையெழுத்துப் போடச் சொன்னால், ஃபர்மா எங்கே என்று கேட்கத் தோன்றும்.

தாராவியில் எங்களுக்கு ஒரே அறை. மேலே தகரக் கூரைக்குக் கீழே ஒரு பரண், அதற்கு ஓர் இரும்பு ஏணி. அங்கே இருந்தபோதுதான் மரகதத்துக்கு மூச்சிரைப்பு வந்தது. பின் சந்தில் பழைய பிளாஸ்டிக்கை உருக்குவார்கள். அந்தப் புகையா, அவள் அம்மா வழியில் வந்ததா, டாக்டருக்கே தெரியவில்லை. வாயில் வைத்து அழுத்துகிற மருந்து ஒன்று கொடுத்தார்கள். ஊரே அதைப் பம்ப் என்றது, நாங்களும் பம்ப் என்றோம். மூச்சு முட்டும்போது அது கையில் இருந்தால் மரகதம் மனுஷி. இல்லாவிட்டால் கரையில் போட்ட மீன்.

பம்பை எங்கே வைப்பது? தலையணைக்கடியில் வைத்தால் நழுவிக் கீழே போகும். ஆணியில் பையோடு மாட்டினால், எழுந்து போய் எடுக்கத் தெம்பிருக்காது. தரையில் வைத்தால் எலி. எங்கள் சந்து எலிகளைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். என்னைவிட அந்தஸ்தாக வாழ்ந்தவை அவை. பம்பின் வாய்ப்பக்கத்தை ஒரு தடவை கொறித்தே வைத்திருந்தன.

ஒரு நாள் காலை, குழாயில் தண்ணீர் வருகிற நேரம், சந்து முழுக்கக் குடத்தோடு வெளியே நிற்கிறது. நானும் வரிசையில் நின்று யாரையோ கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தால் மரகதம் சுவரில் சாய்ந்து, கழுத்து நரம்பெல்லாம் புடைக்க உட்கார்ந்திருக்கிறாள். கண்ணால் மட்டும் தேடுகிறாள். பம்பைக் காணோம். பாத்திரத்தை உருட்டினேன், பாயை உதறினேன். கடைசியில் டிரங்குப் பெட்டிக்குப் பின்னால், எலி இழுத்துப் போட்ட இடத்தில் கிடைத்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே ஒரு டாக்டரம்மா என்னைப் பிடித்த பிடி!

"ஏக் ஹீ ஜகா ரக்கோ. ஜஹாம் ஹாத் ஜாயே, வஹீம்."

ஒரே இடத்தில் வை, கை போகிற இடத்தில் வை. சரிதான், ஆனால் எங்கள் அறையில் கை போகிற இடமெல்லாம் வேறு ஒரு சாமான் ஏற்கெனவே குடியிருந்தது. மண்டையைச் சொறிந்துகொண்டு நின்றபோதுதான் வார்டில் ஒவ்வொரு கட்டிலுக்கும் பக்கத்தில் டிராயர் வைத்த குட்டி மேஜை நிற்பதைப் பார்த்தேன். அதில் ஒன்று வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன். மேஜையைப் பார்த்து உருகி நிற்கிற என்னை அங்கிருந்த நர்ஸ் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வீட்டில் சொன்னதும் மரகதத்தின் தம்பி சுடலை விழுந்து விழுந்து சிரித்தான்.

"அத்தான், கட்டிலே நேத்துத்தான் வந்துச்சு. அதுக்குள்ள பக்கத்துல மேசையா? அடுத்தாப்ல வாசல்ல வாட்ச்மேன் வைப்பியளோ?"

"வைப்பேன்ல. ஒன்னயத்தான் வைப்பேன்."

"மாஹிம்ல பிளாஸ்டிக்ல நல்லதா கெடைக்கும். வாங்கிட்டு வாரேன்."

"எலி கேக்காம திங்கும். மரந்தான் வேணும்."

"செய்யப் போறது யாரு?"

"நாந்தான்."

மரகதம் அதுவரை அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "ஏற்கனவே மூச்சு முட்டுது. சிரிக்க வச்சுக் கொன்னுராதிய" என்றாள்.

மிஷின் வருகிற பேக்கிங் பெட்டிகளைப் பிரித்துப் பலகையாகப் போடுகிற இடம் ஒன்று எங்கள் பக்கத்திலேயே இருந்தது. வெள்ளை மரம். அறுத்தால் பினாயிலும் எலுமிச்சையும் கலந்த மாதிரி ஒரு வாசம் வரும். எந்த ஊர்க் காட்டு மரமோ, கப்பலேறி வந்து தாராவியில் என் கையில் மாட்டியது. அதன் தலைவிதி அப்படி.

அறைக்குள் ரம்பத்தை நீட்டினால் சுவரில் இடிக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமை சந்தில் உட்கார்ந்தேன். எங்கள் சந்தில் எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அதனால் நான் செய்த வேலை கொஞ்சம், எழுந்து வழிவிட்டதுதான் அதிகம். போகிறவர் சும்மா போவாரா?

"என்னவே, சவப்பெட்டியா?"

"ஒமக்கு அளவு பத்தாதுவே. போம்."

சிலிண்டர் தூக்கி வந்த வடக்கத்தி பையா ஒருத்தர் நின்று பார்த்துவிட்டு, "முர்கி கா கர்?" என்று கேட்டார். கோழிக்கூடாம். எதிர்வீட்டு அக்கா குடத்தோடு தாண்டிப் போகும்போதெல்லாம் நான் அறுத்த பலகைமேல் கொஞ்சம் தண்ணீர் சிந்திவிட்டு, "ஐயோ, பாக்கலியே" என்பாள். ஒவ்வொரு தடவையும் பார்த்துத்தான் சிந்தினாள்.

இனிமேல்தான் என் கெட்டிக்காரத்தனம். எனக்கு டேப் பிடித்து அளக்க வராது. கார்கானாவில் செய்கிற மாதிரியே, டிராயருக்கு அட்டையில் ஃபர்மா செய்தேன். பலகைமேல் வைத்துக் கோடு போட்டு, கை போன போக்கில் அறுத்தேன். ஆணி அடித்து டிராயரைத் தூக்கிக்கொண்டு போய் மேஜை வாயில் வைத்தால், போகவில்லை. தள்ளினேன். குத்தினேன். மூலையை நுழைத்துப் பார்த்தேன். அது மேஜைக்கு அண்ணன் மாதிரி வெளியே நின்றது.

சுடலைதான் ஃபர்மாவை எடுத்துப் பலகைமேல் வைத்துப் பார்த்தான். எல்லாப் பக்கமும் பலகை அரை இஞ்ச் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு சந்தே கேட்கிற மாதிரி கத்தினான்:

"எக்கா! அத்தான் பலகைக்குத் தையலு விட்டு வெட்டியிருக்காரு!"

ஆமாம். பேக் வெட்டும்போது தையலுக்காகச் சுற்றிலும் அரை இஞ்ச் விட்டுத்தான் வெட்டுவோம். வருஷக்கணக்கில் பழகிய கை, என்னைக் கேட்காமல் மரத்துக்கும் விட்டுவிட்டது. மரத்தை மடித்துத் தைக்க முடியாது என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. பல மாதத்துக்கு என் பெயரே சந்தில் "தையல் ஆசாரி".

கோபத்தில் மறுபடி அறுத்தேன். கோபத்தில் அறுத்தால் என்ன ஆகும்? இந்தத் தடவை டிராயர் உள்ளே போனது. போய், பல் விழுந்த வாயில் நாக்கு மாதிரி ஆடியது. இழுத்தால் லொடலொட, தள்ளினால் லொடலொட. தோல் துண்டில் ஒரு வாரும், கழிவில் கிடந்த பித்தளை பக்கிள் ஒன்றும் வைத்துப் பிடி போட்டேன். அந்தப் பக்கிளும் தன் பங்குக்குக் கிலுங்கியது.

கட்டிலோரம் வைத்து, மரகதத்தைப் படுக்கவைத்து, "கையை நீட்டு" என்றேன். நீட்டினாள். வார் கையில் பட்டது. இழுத்தாள். பம்ப் அங்கே இருந்தது. மறுபடியும் மூடினாள், இழுத்தாள்.

"எழவெடுத்த சத்தம்" என்றாள். ஆனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டுதான் சொன்னாள்.

அப்புறம் மழைக்காலம் வந்தது. பம்பாய் மழையில் தாராவிக் கதவெல்லாம் ஊதிக்கொள்ளும். எதிர்வீட்டு அக்கா வீட்டுக் கதவை ரெண்டு பேர் தோளால் இடித்துத் திறந்தார்கள். என் டிராயரும் ஊதியது. ஊதிய பிறகும் ஆடுவதற்கு இடம் மிச்சமிருந்தது. அவ்வளவு திறமையாக அறுத்திருந்தேன்.

அப்படி ஒரு மழை நாள் மத்தியானம். நான் பரணில் உட்கார்ந்து ஒழுகுகிற இடத்துக்குச் சட்டி வைத்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே தகரத்தில் மழை கொட்டுகிற சத்தத்தில் என் பாட்டே எனக்குக் கேட்கவில்லை. என் பாட்டைக் கேட்டவர்கள் அதை நல்லது என்பார்கள். அந்த இரைச்சலுக்குள்ளே லொடலொட என்றது. வழக்கமாக இழுக்க ஒரு தடவை, மூட ஒரு தடவை, அவ்வளவுதான். அன்றைக்கு நிற்கவே இல்லை. லொடலொடலொட என்று ஒரே நடுக்கம்.

ஏணியில் இறங்கினேனா விழுந்தேனா, தெரியாது. மரகதம் பாதி உடம்பு கட்டிலுக்கு வெளியே கிடக்க, தோல் வாரைப் பிடித்திருக்கிறாள். இழுக்கத் தெம்பில்லை. கை நடுங்குகிறது, கையோடு டிராயர் நடுங்குகிறது. உதடு நீலமாக இருந்தது. திறந்து, பம்பை எடுத்து, அவள் வாயில் வைத்து அழுத்தினேன். மறுபடியும் அழுத்தினேன். சட்டியில் மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. நான் வாழ்க்கையில் ஜோக் அடிக்காமல் உட்கார்ந்திருந்த ஒரே நேரம் அது.

மூச்சு திரும்பினதும் கேட்டாள்: "இந்த மழையில எப்பிடிக் கேட்டுச்சு ஒங்களுக்கு? எனக்குக் கூப்பிட வாயே வரலியே."

"ஒன் வாய விட அதோட வாய் பெருசு" என்றேன். சொல்லிவிட்டு வாசலில் போய் நின்று, மழையில் முகம் கழுவிக்கொண்டேன்.

அன்றைக்கு அப்புறம் என் காது அந்த டிராயருக்குள்ளேயே குடிபோனது. கட்டிலுக்குக் கீழே தரையில் படுப்பேன். பக்கத்துச் சந்தில் கல்யாண பேண்டு அடித்தால் எழ மாட்டேன். பக்கிள் ஒரு கிலுங்கு கிலுங்கினால் எழுந்து உட்கார்ந்திருப்பேன். சுடலை அதற்கு எண்ணெய் போடுகிறேன், மெழுகு தேய்க்கிறேன் என்று வந்தபோதெல்லாம் விரட்டினேன். "கோழிக்கூட்டுக்கு இவ்வளவு ரோஷமா, அத்தான்?" என்பான்.

இப்போது எங்கள் சந்து முழுவதையும் இடித்துவிட்டுப் பெரிய கட்டடம் கட்டப்போகிறார்கள். அதுவரை மகள் வீடு. சாமான் ஏற்றும்போது செல்வி மேஜையைத் தடுத்தாள். "அப்பா, அதுல கட்மல் இருக்கும். புது வீடு. அம்மாவுக்கு நான் நல்லதா ஆர்டர் பண்ணுறேன்." மூட்டைப்பூச்சி இருந்தது உண்மைதான், நான்தான் வளர்த்தேன். தோல் வாரையும் பக்கிளையும் மட்டும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். மேஜையைச் சந்து முனையில் வைத்துவிட்டு அடுத்த மூட்டை எடுக்கப் போய்த் திரும்பினேன், அதைக் காணோம். தாராவியில் எதையும் அனாதையாக விடமாட்டார்கள். எந்த வீட்டில் லொடலொடக்கிறதோ.

இங்கே மரகதத்துக்குத் தனி அறை. தூசி வராமல் கதவைச் சாத்தி ஏசி. நான் பழையபடி கட்டிலடியில் பாயை விரித்தேன். "டைல்ஸ் சில்லுன்னு இருக்கும்ப்பா, உங்க முட்டிக்கு ஆகாது" என்று செல்வி என்னை ஹாலில் சோபாவில் படுக்கவைத்தாள். பெற்ற பிள்ளை பாசத்தோடு சொல்லும்போது என்ன சொல்ல? புது டிராயரின் பிடியில் பழைய பக்கிளைக் கட்டிப் பார்த்தேன். மறுநாளே அவிழ்த்துவிட்டாள். "என்னப்பா இது, மாட்டுக்கு மணி கட்டுற மாதிரி?"

இன்று காலை மரகதத்துக்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுச் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். "ராத்திரி பம்ப் எடுத்தியா?"

"ரெண்டு மட்டம் எடுத்தேன்."

"என்னயக் கூப்புட்டிருக்கலாமுல்லா?"

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "கூப்பிட முடிஞ்சா பம்ப் எதுக்கு?"

டிராயரை இழுத்து, பம்பை உள்ளே வைத்து, கையை விட்டாள். அது தானாகப் போய் மூடிக்கொண்டது. பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தேன். எனக்குக் கேட்கவில்லை.