மாலைக்கு ஒரு கழுத்து

எங்கள் ஆட்களுக்கு நாலு பேர் சேர்ந்து கோலம் போட்டாலும் ஒரு தலைவர் வேண்டும். மாலை போட ஒரு கழுத்து கிடைக்காவிட்டால் கை அரிக்கும் போல.

ஞாயிறுதோறும் பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் ஒரு நாசி கண்டார் சோற்றுக்கடையின் பின்கட்டில் சமைத்தோம். கடைகளின் முன்னால் அஞ்சடி நடைபாதையில் படுத்துக் கிடப்பவர்களுக்குச் சாப்பாடு. கடைக்காரர் அடுப்பைக் காசு வாங்காமல் தந்திருந்தார். கடலுக்கு அக்கரையில் பிறை ஊரிலிருந்து ஒரு லாரிக்காரர் வருவார், செபராங் ஜெயாவிலிருந்து ஆபீஸ் பெண்கள் வருவார்கள். யாரும் யாரையும் ஏவியதில்லை. வந்தவர் கத்தியை எடுத்துக்கொண்டு வெங்காயத்தின் முன்னால் உட்கார்ந்துவிடுவார்.

ஒருநாள் இணையச் செய்திக்காரத் தம்பி ஒருவர் வந்தார். முதல் கேள்வியே, "அக்கா, தலைவர் யாரு?"

"இல்லப்பா."

"அப்போ செயலாளர்?"

"யாரும் இல்லலா. ஒருத்தர் தலையில ஒருத்தர் ஏறாம சேர்ந்து செய்யறோம். இதைத்தான் அனார்கிசம்னு சொல்றது. அடிதடி, தீ வைக்கிறது இல்ல. நல்லா எழுதிக்க."

எழுதிக்கொண்டார். சாப்பிட்டுவிட்டும் போனார். மறுநாள் தலைப்பு: ‘பினாங்கில் அராஜகக் கும்பல்! பின்னணியில் யார்?’ கூடவே எரியும் காரின் படம். எந்த நாட்டுக் காரோ, யார் கண்டது? நாங்கள் கொளுத்தியது கேஸ் அடுப்பு மட்டும்தான்.

கடைக்காரருக்கு முகம் செத்துப்போயிருந்தது. "அக்கா, லைசென்ஸ் போச்சுன்னா என் புள்ளைங்க நடுத்தெருவுல. அதிகாரிங்க கேட்டா கைகாட்ட யாராச்சும் ஒருத்தர் தலைவரா இருந்துடுங்க. இல்லன்னா அடுப்பு தர முடியாது."

அனார்கிசம் என்ற இந்தச் சொல்லுக்கு விளக்கம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. வீட்டில், வேலையிடத்தில், கல்யாணப் பந்தியில். குண்டு வீசுகிறவன், அடங்காதவன். அதற்கு மேல் யாருக்கும் காது திறப்பதில்லை. அலுத்துவிட்டது. சோறு நின்றுவிடக் கூடாதே என்று, சரி, நானே இருக்கிறேன் என்றேன்.

அதே தம்பி மறுபடி வந்தார். எனக்கு மாலை போடச் சொல்லிப் படம் எடுத்தார். ‘தன்னலமற்ற தலைவரின் அன்னதானம்.’ அட கடவுளே, அதே சாம்பார்தான்!

அடுத்த ஞாயிறு கொஞ்சம் தாமதமாகப் போனேன். அடுப்பை யாரும் பற்றவைக்கவில்லை. வெங்காயம் மூட்டையிலேயே இருந்தது. ஆபீஸ் பெண்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லாரிக்காரர் சுவரோரம் கைகட்டி நின்றார்.

"தலைவர் வரட்டும்னு நின்னோம்கா. என்ன செய்யணும், சொல்லுங்க."

கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. வெளியே அஞ்சடியில் ஆட்கள் பசியோடு உட்கார ஆரம்பித்திருந்தார்கள்.

"வெங்காயத்த வெட்டுங்க," என்றேன்.

உடனே எல்லோரும் உட்கார்ந்தார்கள்.