அம்மா பரிமாறிய பக்கத்து மேஜை

அம்மா வேலை செய்யும் இடத்தில் பிறத்தியார் பிள்ளைகளுக்குக் கழுத்தில் துணி கட்டிவிட்டு, நூடுல்ஸை ஊதி ஊதி ஆற்றிக் கொடுப்பாள் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால், நான் அங்கே சாப்பிடவே போயிருக்க மாட்டேன். வயிற்றுவலி என்று சுருண்டு படுத்திருப்பேன். அந்த வயதில் வயிற்றுவலியை வரவழைப்பது எனக்குக் கைவந்த கலை.

அப்போது நான் நான்காம் வகுப்பு. பெங்களூர் லிங்கராஜபுரத்தில் ஒரு மாடி வீட்டின் பின்பக்கத்தில் குடியிருந்தோம். அப்பாவுக்கு லேத் பட்டறையில் வேலை. சொந்த ஊர் தங்கவயல். தாத்தா சுரங்கத்துக்குள் இறங்கியவர் என்பதை யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அப்பா சொல்லிவிடுவார். அம்மா முதலில் கார்மென்ட்ஸில் இருந்தாள். பிறகு யாரோ சொல்லி, இந்திரா நகரில் ஒரு ஜப்பான் நூடுல்ஸ் ஓட்டலில் பரிமாறும் வேலையில் சேர்ந்தாள். ஜப்பான் ஓட்டல் என்றால் முதலாளி ஜப்பான்காரர் இல்லை, மங்களூர்ப் பக்கத்துக்காரர். சமையலறையில் மணிப்பூர்க்காரர்களும் நேபாளிகளும். பரிமாறுகிறவர்களில் பாதிப் பேர் எங்களைப் போலத் தமிழ்க்காரர்கள். ஜப்பான் எங்கே இருந்தது என்றால், கூரையில் தொங்கிய சிவப்புக் காகித விளக்குகளில் இருந்தது.

அம்மா சாயங்காலம் ஆறு மணிவாக்கில் வீடு திரும்புவாள். வந்ததும் பேச மாட்டாள். ஷூவை உதறிவிட்டு, வெறும் தரையில் மல்லாந்து, கால்கள் இரண்டையும் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு படுத்துவிடுவாள். அந்த நேரத்தில் எது சொன்னாலும் 'ம்' என்பதுதான் பதில். கணக்கில் நூறு வாங்கினேன் என்றாலும் 'ம்', பல் விழுந்துவிட்டது என்றாலும் 'ம்'. வேலைக்குப் போகிற அம்மாக்கள் எல்லோரும் இப்படித்தான் இருப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அதனால் எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. குறை தெரிய வேண்டுமென்றால் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பார்க்க வேண்டும்.

அந்த ஓட்டலில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு வருடம் வேலை செய்து முடித்தவர்கள் வீட்டாரை ஒருநாள் மதியம் வரச்சொல்லிச் சாப்பிட வைக்கலாம். ஆனால் அவர்களுக்கு அன்று லீவு கிடையாது. வீட்டார் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், அவர்கள் நின்று வேலை பார்ப்பார்கள். எங்கள் முறை வந்தபோது அம்மா முதல்நாளே என்னைக் கூப்பிட்டு எச்சரித்து வைத்தாள்.

“அங்க வந்து அம்மா அம்மான்னு கூப்டாத, தெரிதா? எனக்குக் குடுத்த டேபிளத்தான் நான் பாக்கணும். நீ சும்னே உக்காந்து சாப்ட்டுட்டு அப்பாகூட வந்துடு.”

நான் தலையை ஆட்டினேன். நூடுல்ஸ் கிடைக்கும் என்றால் நான் எதற்கும் தலையை ஆட்டுகிறவள்.

அப்பா கிறிஸ்துமஸுக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டார். ஸ்கூட்டரில் போனோம். கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் உள்ளே இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் “இரஷ்ஷாய்மாசே” என்று சத்தம் போட்டார்கள். ஜப்பான் மொழியில் வாங்க வாங்க என்று அர்த்தமாம். அப்பா திடுக்கிட்டு, இரண்டு கையையும் கூப்பி எல்லாப் பக்கமும் திரும்பி ஒரு கும்பிடு போட்டார். எம்.எல்.ஏ. ஓட்டுக் கேட்டு வந்ததுபோல இருந்தது. நான் அதைக் கவனித்துச் சிரிக்கும் நிலையில் இல்லை. அந்தக் குரல்களில் ஒன்று அம்மாவுடையது. மெல்லிசாக, தேன் தடவினாற்போல. அந்தக் குரலை நான் வீட்டில் கேட்டதே இல்லை.

கறுப்பு டி-சர்ட், தலையில் கட்டிய சிவப்புத் துணி, நெஞ்சில் ஒரு பேட்ஜ். அம்மாவின் நீளமான பெயரை வெட்டி இரண்டே எழுத்தாக்கி அதில் போட்டிருந்தார்கள். அவள் எங்களைப் பார்த்துச் சிரித்தாள். எங்களுக்குப் பின்னால் வந்தவர்களைப் பார்த்தும் அதே அளவுக்குச் சிரித்தாள்.

எங்கள் மேஜை அம்மாவுக்குக் கொடுத்தது இல்லை. ஒரு மணிப்பூர் அண்ணன் வந்து என்ன வேண்டும் என்று கேட்டார். அப்பா மெனுவைப் புரட்டோ புரட்டென்று புரட்டிவிட்டு, கோழி போட்டது ரெண்டு என்றார். பெரிய கிண்ணம் வந்தது. குழம்பு போல இருந்த சூப்பில் நூடுல்ஸ், மேலே பாதியாக வெட்டிய முட்டை, கறுப்பாகக் காகிதம் மாதிரி ஏதோ ஒன்று.

“இடியாப்பத்த கொண்டாந்து ரசத்துல போட்டாப்பல இருக்குது” என்றார் அப்பா. ஆனால் அடுத்த நிமிடமே தலையைக் குனிந்தவர், வெகுநேரம் நிமிரவில்லை.

அம்மாவின் மேஜை எங்கள் மேஜைக்கு அடுத்தது. கையை நீட்டினால் தொட்டுவிடலாம். அங்கே ஒரு அப்பா, ஒரு அம்மா, வட்டக் கண்ணாடி போட்ட ஒரு பையன். ஆறு வயது இருக்கும். அந்தக் கண்ணாடியையும் அதற்குப் பின்னால் இருந்த முகத்தையும் பார்த்த கணமே எனக்குப் பிடிக்காமல் போயிற்று. அவன் சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடித்துக்கொண்டிருந்தான். அவனைப் பெற்றவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பெற்றவள் அவனுக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

முதலில் மீன் படம் போட்ட ஒரு துணியை அவன் கழுத்தில் கட்டினாள். பிறகு இரண்டு குச்சிகளின் தலையில் ரப்பர் பேண்ட் சுற்றி, அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து அதில் வைத்துப் பழக்கினாள். அவன் ஒரு நூடுல்ஸைத் தூக்கிவிட்டான் என்பதற்காகக் கை தட்டினாள். நான் கணக்கில் வாங்கிய நூற்றுக்கு ஒரு 'ம்'. இவன் தூக்கிய ஒரு நூடுல்ஸுக்குக் கைதட்டல். சுடுகிறது என்று அவன் சிணுங்கியதும், சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்து, உதட்டைக் குவித்து, ஊதி ஊதிக் கொடுத்தாள். எனக்கு அவள் பாலை ஊதிக் கொடுத்து எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகமே வரவில்லை. அப்போது அவன் அம்மா போனிலிருந்து தலையைத் தூக்கி, உங்களுக்குக் குழந்தைகள் உண்டா என்று கன்னடத்தில் கேட்டாள்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தலைமுடியைக்கூடச் சரி செய்துகொண்டேன். இதோ இப்போது அம்மா திரும்புவாள், கையை நீட்டி என்னைக் காட்டுவாள், அந்தக் கண்ணாடிப் பையன் என்னைப் பார்ப்பான், இத்தனை நேரமும் தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யாருடைய அம்மா என்று தெரிந்துகொள்வான். எனக்கு வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான்.

“ஒரு பெண் இருக்கிறாள் மேடம்” என்றாள் அம்மா கன்னடத்தில். “நான்காம் வகுப்பு. தொந்தரவே கிடையாது, எல்லாம் தானே செய்துகொள்வாள்.”

அவ்வளவுதான். திரும்பவில்லை. வேறு ஏதோ ஊரில் இருக்கிற ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, மறுபடியும் ஊத ஆரம்பித்தாள்.

அம்மா என்று கூப்பிடக் கூடாது என்று வாக்குக் கொடுத்திருந்தேன். நான் வாக்குத் தவறாதவள். குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்த அத்தனை மரியாதையோடும், “எக்ஸ்கியூஸ் மீ, ஆன்ட்டி” என்றேன்.

அப்பாவின் ஸ்பூன் வாய்க்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. அம்மா திரும்பினாள். ஒரு நொடி அந்தச் சிரிப்பு எங்கோ போய்விட்டு வந்தது. “எஸ் மேடம்?” என்றாள்.

“எனக்கும் அது வேணும்.” அந்தப் பையனின் கழுத்தைக் காட்டினேன்.

அது சின்னக் குழந்தைகளுக்கு உள்ளது. எனக்கு ஒன்பது வயது. அம்மா மறுபேச்சுப் பேசாமல் ஒன்றை எடுத்துவந்து, என் பின்னால் நின்று கட்டினாள். அவள் விரல் என் பிடரியில் கொஞ்சமாவது கூடுதலாகத் தங்கும் என்று காத்திருந்தேன். தங்கவில்லை. அவனுக்குப் போட்ட அதே முடிச்சு, அதே வேகம். குற்றம் சொல்ல இடமே வைக்காமல் என்னை அவனுக்குச் சமமாக நடத்திவிட்டாள். இதைவிட ஓர் அறை கொடுத்திருக்கலாம்.

“இன்னாடி ஆட்டம் ஆடற நீ” என்று அப்பா பல்லைக் கடித்தார்.

நான் விடுவதாக இல்லை. “ரொம்பச் சூடா இருக்கு, ஆன்ட்டி” என்றேன். கிண்ணத்தில் முக்கால்வாசி காலியாகி, மிச்சம் ஆறியே போயிருந்தது. அம்மா என் பக்கத்திலும் முட்டி போட்டு உட்கார்ந்தாள். ஆறிப்போன சூப்பை ஸ்பூனில் எடுத்து உதட்டைக் குவித்து ஊதினாள். முகத்துக்கு முகம் அவ்வளவு கிட்டத்தில் இருந்தபோது, சிரிப்புக் கொஞ்சமும் கலையாமல், எனக்கு மட்டும் கேட்கிறமாதிரி சொன்னாள்:

“வீட்டுக்கு வரேன் இரு. உனக்கு இருக்குது.”

அந்தப் பையனிடம் அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. எனக்கென்று அவள் தனியாகக் கொடுத்தது அது ஒன்றுதான் என்பது தெரியாமல், நான் மீதியைச் சாப்பிடாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

அம்மா வழக்கம்போல ஆறு மணிக்கு வந்தாள். ஷூவை உதறினாள். காலைச் சுவரில் வைத்துப் படுத்தாள். அடிதான் விழப்போகிறது என்று நான் கதவோரம் தயாராக நின்றிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அவள் மறந்தேபோய்விட்டாள் போலிருந்தது. அடிக்கக்கூட என்னை ஞாபகம் இல்லையா என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“அந்தக் கண்ணாடிக்காரங்கிட்ட அவ்ளோ சிரிச்ச” என்றேன். “எங்கிட்ட நீ சிரிக்கவே மாட்ற. அவன ஊதி ஊதிச் சாப்ட வச்ச. வீட்டுக்கு வந்தா எங்கிட்ட 'ம்' மட்டும் சொல்ற.”

அம்மா படுத்தபடியே என்னைத் தலைகீழாகப் பார்த்தாள். பிறகு கையை ஊன்றி எழுந்து, பாத்ரூமில் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். என் முன்னால் நின்று, இடுப்பை வளைத்துக் குனிந்து, அந்தத் தேன்குரலில் “இரஷ்ஷாய்மாசே” என்றாள். “எத்தன பேர் மேடம்?”

நான் திகைத்துப்போய், “ஒருத்தர்” என்றேன்.

என்னைச் சுவரோரம் உட்காரவைத்து, கழுத்தில் துண்டைக் கட்டினாள். ரசம் சோற்றைத் தட்டில் போட்டு, ஊதினாள். ஒரு வாய் சாப்பிட்டதும் கை தட்டினாள். நான் சிரித்த சிரிப்பில் சோற்றுப் பருக்கை மூக்குக்கு ஏறிவிட்டது. அப்பாவும் முதலில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

“போதும் உடு, அவ இப்பத்தான் வந்துகீறா” என்று என்னை அதட்டினார்.

“இருக்கட்டும்” என்றாள் அம்மா. “கொழந்த ஆசப்படுது.”

அதற்குப் பிறகு எனக்குத் தினமும் திருவிழா. அம்மா கதவைத் திறந்து உள்ளே வரும்போதே சிரித்துக்கொண்டு வருவாள். குனிந்து, எத்தனை பேர் மேடம் என்பாள். காலைச் சுவரில் வைத்துப் படுக்கிற பழக்கம் தானாகவே நின்றுபோயிற்று. கணக்கு நோட்டைக் காட்டினால் கை தட்டினாள். இந்திரா நகர்ப் பையன் சாப்பிட வந்தால்தான் அவனுக்கு, எனக்கோ தினமும். அவனைத் தோற்கடித்துவிட்டேன் என்று நான் ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒரே ஒரு மாற்றம், அம்மா வர நேரமாக ஆரம்பித்தது. ஆறு மணி ஆறரை ஆயிற்று. பஸ் லேட்டு என்றாள். பெங்களூரில் பஸ் லேட்டு என்றால் யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்பதில்லை.

ஒருநாள் அப்பா என்னை முட்டை வாங்கிவரக் கடைக்கு அனுப்பினார். கடை பஸ் ஸ்டாப்புக்கு எதிரில். முட்டைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு திரும்பினால், ரோட்டுக்கு அந்தப் பக்கம் சிமெண்ட் பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருந்தாள். ஷூவைக் கழற்றி, அதன் மேலேயே பாதங்களை வைத்திருந்தாள். தூணில் தலையைச் சாய்த்து, எதையும் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு இல்லை. கூப்பிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் ஒரு பஸ் வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போயிற்று. அம்மா அசையவில்லை. இன்னொரு பஸ் வந்தது, அதுவும் போயிற்று. வீடு நூறடி தூரம். வந்து இறங்கியவள் வீட்டுக்கு வராமல் எதற்கு உட்கார்ந்திருக்கிறாள்? யாருக்கோ காத்திருக்கிறாள் என்பது எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. பழைய எரிச்சல் மறுபடி கிளம்பியது. அடுத்த பஸ்ஸிலிருந்து அந்த வட்டக் கண்ணாடி இறங்குமா என்று, முட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

யாரும் இறங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அம்மா ஷூவை மாட்டிக்கொண்டு, துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நான் சந்து வழியாக ஓடி அவளுக்கு முன்னால் வீட்டுக்குள் புகுந்துகொண்டேன். கதவு திறந்தது. குனிந்தாள். எத்தனை பேர் மேடம் என்றாள்.

“பஸ் ஸ்டாப்புல யாருக்கோசரம் உக்காந்துனு இருந்த?” என்று கேட்டேன்.

அவள் சிரிப்பு அப்படியே இருந்தது. “யாருக்கோசரமும் இல்லியே” என்றாள். “பஸ் லேட்டு.”

பொய் என்று எனக்குத் தெரியும், கண்ணால் பார்த்தவள் நான். எங்களைவிடப் பிரியமான யாரோ ஒருவர் அம்மாவுக்கு அந்த பஸ் ஸ்டாப்பில் இருக்கிறார், தினமும் அரைமணி நேரம் எங்களிடமிருந்து பிடுங்கி அவருக்குத்தான் கொடுக்கிறாள் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். அது யார் என்று கண்டுபிடிக்க நான் அதற்குப் பிறகும் பலநாள் முட்டைக் கடை வாசலில் ஒளிந்து நின்றிருக்கிறேன். சிரித்துக் காட்ட அங்கே யாருமே இல்லை என்பதற்காகத்தான் அவள் உட்கார்ந்திருந்தாள் என்பது அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.