கொக்கியில் விட்ட பொனட்

போர்க்காலத்தில் நான் ஆரையம்பதியில் வாடகைக் கார் ஓட்டினேன். மட்டக்களப்புக்குப் போகும் வழியில் ஒவ்வொரு சோதனைச்சாவடியிலும் இறங்கி, எஞ்சின் மூடியான பொனட்டைத் திறந்து காட்ட வேண்டும். அடுத்த சாவடியிலும் திறக்கத்தானே போகிறோம் என்று நான் அதை அழுத்தி மூடுவதில்லை. பாதுகாப்புக் கொக்கியில் மட்டும் மாட்டிவிட்டு ஓட்டுவேன்.

ஒருநாள் தேய்ந்துபோயிருந்த அந்தக் கொக்கி விட்டுவிட்டது. பொனட் எழும்பி முன்கண்ணாடியை மறைத்தது. பிரேக்கை மிதிப்பதற்குள் சைக்கிளில் வந்த மீன் வியாபாரி ஒருவரை இடித்துவிட்டேன். முழங்கால் நசுங்கிக் கிடந்தார். சாவடியிலிருந்து இராணுவத்தினர் ஓடிவந்தார்கள்.

"நான்தான் குறுக்க வந்தனான். இவரில பிழையில்ல," என்று வியாபாரி அவர்களிடம் சொன்னார். பிறகு என்னிடம் மெல்ல, "புடிச்சானுகளெண்டா உன்ன விடமாட்டானுகள். போ மனே," என்றார், மகனிடம் சொல்வதுபோல.

அவர்கள் தடுக்கவில்லை; போய்விட்டேன். அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகக்கூட நிற்கவில்லை. அவருடைய காலை வெட்டி எடுத்துவிட்டார்கள் என்று பிறகு சந்தையில் கேள்விப்பட்டேன். கேட்டவர்களிடமெல்லாம், "ஆமிக்காரன்ட சோதனையாலதான் எல்லாம்," என்றேன். ஆனால் பொனட்டை அழுத்தி மூடாத சோம்பல் என்னுடையது.

இன்றும் பொனட்டை மூடியதும் இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறேன். அவரைத்தான் ஒரு தடவையும் போய்ப் பார்க்கவில்லை.